கல்தொட்டி நிறைந்த நாள்

“அம்மா, கேட்டு வந்தவங்ககிட்ட ‘இல்லை’ன்னு சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்கு. இது குணமா, குறையா?”

வெயிலுமுத்து மலையேறி வந்து கேட்ட முதல் கேள்வி இது.

அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அடிவாரத்தில், ஆலடிப்பண்ணையில், முப்பது வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். சோறு தீர்ந்த பிறகு யாராவது பசியோடு வந்தால் தனக்கு எடுத்து வைத்ததை அவர் இலையில் போட்டுவிடுவார். மனைவி இறந்ததும் கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் கேட்டது உடையநாச்சியிடம். வயது நாற்பத்திரண்டு. ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர். தூவல்மலையின் பாதி உயரத்தில், ஓடு வேய்ந்த இரண்டு அறைகளில் தனியாக இருந்தார். வயதில் மூத்தவர்களும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நாச்சியம்மா எழுந்து நடந்தார்.

வெயிலுமுத்து பின்னால் நடந்தார்.

ஒரு மணி நேர ஏற்றம். புல்வெளி முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாறை. பாறையில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து மூன்று விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்து ஒரு கல்தொட்டியில் விழுந்தது. தொட்டி நிறைந்து, விளிம்பு தாண்டி, இலைகளுக்கு அடியில் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

தூவலாறு அங்கேதான் தொடங்குகிறது.

“இதைப் பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி” என்றார் நாச்சியம்மா.

“என் கேள்விக்கு...”

“பாத்துக்கிட்டே இருங்க.”

நாச்சியம்மா இறங்கிப் போய்விட்டார்.

*

வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் தொட்டியில் விழுந்த இலைகளை அள்ளுவது. மலையேறி வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை தண்ணீர் கொடுப்பது.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்த இடத்துக்கு வேறு மாதிரியான ஆட்கள் வருவார்கள். ஆனி பிறந்ததும் ஆலடிப்பண்ணை விவசாயிகள் மூன்று பேரை அனுப்புவார்கள். அவர்கள் தொட்டியைப் பார்ப்பார்கள். விளிம்பு தாண்டித் தண்ணீர் வழிந்தால், மலைக்குள் தண்ணீர் இருக்கிறது, ஆறு வரும் என்று பொருள். இறங்கிப் போய்க் குளத்து மதகைத் திறந்து நாற்றுப் பாவுவார்கள். வழியவில்லை என்றால் திறக்கமாட்டார்கள்.

ஏனென்றால் அந்தக் குளத்துத் தண்ணீர்தான் நாலு ஊருக்குக் குடிக்கவும்.

அணைக்கட்டில் அளவு பார்க்க ஆள் இருந்தார். போனில் மழைச் செய்தி வந்தது. ஆனாலும் ஊர் தொட்டியைத்தான் நம்பியது. அது ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

*

முதல் இரண்டு வருஷம் மூன்று விரல்.

மூன்றாம் வருஷம் முகட்டுப் புல்லில் தீப் பிடித்தது. நாலு நாள் எரிந்தது. அதற்குப் பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு வந்து புல்லின் மேல் உட்காரும் மூடுபனி, வந்தும் வராமலும் போக ஆரம்பித்தது. சில நாள் மேலேயே நின்று பார்த்துவிட்டுக் கலைந்தது.

நாலாம் வருஷம் வைகாசியில் வெயிலுமுத்துவைக் கொசு கடித்தது. அந்த உயரத்தில் அதுவரை அவர் கொசுவைக் கண்டதில்லை. கம்பளியை மடித்து வைத்தவர் அதைத் திரும்ப எடுக்கவே இல்லை.

தண்ணீர் முந்தின வருஷமே இரண்டு விரல் ஆகியிருந்தது. பிறகு ஒரு விரல். பிறகு பாறை மட்டும் ஈரமாக இருந்தது.

நாச்சியம்மா அப்போது மலையில் இல்லை. வருஷத்தில் ஐம்பது நாள் அவர் கடற்கரைப் பக்கம் ஒரு ஊருக்கு, படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போவார்.

தொட்டி காய்ந்து மூன்றாம் நாள் ஒரு ஆள் வந்தார். கையில் செம்பு. கால் முழுக்கப் புழுதி.

“எங்க அம்மா படுத்த கிடையில கிடக்கா. மூணு நாளா ஒண்ணும் இறங்கல. இந்த ஊத்துத் தண்ணி ஒரு வாய் வேணும்னு கேக்கா.”

வெயிலுமுத்து தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

“கொஞ்சம் உக்காருங்க. இலை விழுந்து கிடக்கு. அள்ளிட்டுக் கூப்பிடுதேன்.”

பின்பக்கமாக இறங்கி ஓடினார். ஐந்து நிமிஷ இறக்கத்தில் ஆற்றின் முதல் கசம் இருந்தது. ஆழமான பள்ளம். அதில் மட்டும் இன்னும் தண்ணீர் நின்றது. ஒரு குடம் மொண்டு வந்து தொட்டியில் ஊற்றி, பிறகு அந்த ஆளைக் கூப்பிட்டார்.

அவர் செம்பை நிரப்பி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

“நீங்க நல்லா இருப்பிய அண்ணாச்சி.”

அந்த ஆள் வளைவில் மறையும்வரை வெயிலுமுத்து பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் இரண்டு குடம் கொண்டுவந்தார். அமாவாசைக்கு ஜனம் வந்தது. ஆறு குடம். அடுத்த வாரம் பத்து.

பாறைக்கு மேலே ஒரு குழி இருப்பதை அவர் கண்டுபிடித்தார். அதில் ஊற்றினால் தண்ணீர் கசிந்து அந்த வெடிப்பின் வழியாகவே வந்தது. பார்க்கிறவர்களுக்கு ஊற்று ஓடுவது போலவே இருக்கும். அவருக்கேகூடச் சில சமயம் அப்படித்தான் இருந்தது.

குடத்தைக் கம்பின் இரண்டு பக்கமும் கட்டித் தோளில் சுமந்தார். தோள் புண்ணாயிற்று. துண்டை மடித்து வைத்துச் சுமந்தார்.

*

ஆனி மூன்றாம் தேதி அந்த மூன்று பேர் வந்தார்கள்.

முன்னால் வந்தவர் குற்றாலிங்கம். விவசாயிகள் சங்கத் தலைவர். அவருக்குப் பின்னால் அவருடைய மச்சினர். மூன்றாவதாக மாடத்தி. குத்தகைக்கு இரண்டு ஏக்கர் பயிரிடுகிறவள். அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு பெண்ணையும் அனுப்பியிருந்தார்கள்.

தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

விடிந்ததிலிருந்து வெயிலுமுத்து பதினெட்டுக் குடம் சுமந்திருந்தார்.

“வந்துட்டு வே! வழியுது பாரும்!” என்று குற்றாலிங்கம் கத்தினார். மச்சினரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வழியாவிட்டால் இந்த வருஷம் கார் நெல் நட முடியாது என்று பயந்துகொண்டே ஏறியிருந்தார்கள்.

மாடத்தி தொட்டிக்குள் கையை விட்டாள்.

“என்ன இது, குளுந்து கிடக்கலியே. வெதுவெதுன்னு இருக்கு.”

வெயிலுமுத்து வேறு பக்கம் பார்த்தார்.

“வெயிலு அப்படிக் கொளுத்துது” என்றார் குற்றாலிங்கம். “வா, வா. இன்னைக்கே விதையை ஊறப் போட்டாத்தான் நாளைக்குத் திறக்க முடியும்.”

மாடத்தி கையை உதறிக்கொண்டு இறங்கினாள்.

*

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் நாச்சியம்மா மேலே வந்தார். தோளில் இன்னும் பயணப் பை இருந்தது.

“வழியில மூணு பேரைப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே இறங்குதாவ.”

“ஆமாம்மா.”

“தொட்டி வழியுதாம்.”

“ஆமா.”

நாச்சியம்மா தொட்டியைப் பார்க்கவில்லை. வெயிலுமுத்துவின் சட்டையைப் பார்த்தார். தோளில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் வேலை பார்த்த கை சும்மா இருக்கவில்லை. சட்டையை மெதுவாக விலக்கியது.

“இது எத்தனை நாள் புண்ணு?”

வெயிலுமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

நாச்சியம்மா கேட்டு முடித்தார்.

“முதல் குடம் யாருக்கு?”

“சாகக் கிடந்த ஒரு தாய்க்கு.”

“ரெண்டாவது?”

“நம்பி வந்த ஜனத்துக்கு.”

“இன்னைக்குக் காலையில சுமந்த பதினெட்டும்?”

வெயிலுமுத்து காலடியில் கிடந்த குடத்தைத் தள்ளி வைத்தார்.

“எனக்கு” என்றார்.

பாறைக்கு மேல் குழியில் மிச்சம் இருந்த தண்ணீர் சொட்டி முடிந்துகொண்டிருந்தது.

“அவிய எங்க போறாவ?”

“மதகு திறக்க.”

“குளத்துல எத்தனை நாளைக்கு இருக்கு?”

“குடிக்க மட்டும்னா ஆவணி கடைசி வரைக்கும் வரும். வயலுக்குத் திறந்தா இருபது நாள் காணாது.”

“அதுக்குப் பிறகு?”

“ஆத்துல...”

 சாப்பாட்டுக் கடை வாசலில் பானையோடு நிற்கும் பெண்களை அவர் பார்த்திருக்கிறார். ஒரு கோடையில் ஒரு குடத்துக்காக இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டதையும் பார்த்திருக்கிறார்.

“நான் என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா.”

நாச்சியம்மா போய் மரத்தடியில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்து வந்தார். அவர் முன்னால் வைத்தார்.

செருப்பின் முனை இறக்கத்தைப் பார்த்திருந்தது.

*

வெயிலுமுத்து குளத்தங்கரைக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. கரை முழுக்க ஆட்கள். விதைநெல் மூட்டைகளைத் தண்ணீருக்குள் இறக்கிக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். யாரோ எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஊத்துல தண்ணி இல்ல” என்றார் வெயிலுமுத்து.

மூச்சு வாங்கியதில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

சிரித்தார்கள்.

“என்ன வே சொல்லுதீரு?” என்றார் குற்றாலிங்கம். “இந்தக் கண்ணால பாத்துட்டு வாரேன்.”

“நீங்க பாத்தது கசத்துத் தண்ணி. நான் சுமந்து ஊத்துனது.”

சிரிப்பு நின்றது.

“எதுக்கு?”

“ஜனம் ஏமாந்து போகக் கூடாதுன்னு.”

குற்றாலிங்கம் கிட்டே வந்தார்.

“யாரு உம்ம அனுப்புனா? மத்த மூணு ஊர்க்காரனுவளா? குடிதண்ணிக்குக் குளத்தைப் பூட்டி வைக்கணும்னு அவனுவதான் கூட்டம் போட்டுப் பேசுதானுவ.”

“ஒருத்தரும் அனுப்பல.”

“காலையில பொய் சொன்னேங்கீரு. இப்ப சொல்லுதது மட்டும் நெசம்னு நாங்க எப்படி நம்ப?”

வெயிலுமுத்து சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார்.

குற்றாலிங்கம் அந்தப் புண்ணைப் பார்த்தார். பிறகு கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

வெயிலுமுத்து விழவில்லை. கையைத் தூக்கவும் இல்லை.

“நாளைக்குக் காலையில மதகைத் திறக்கோம்” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். “ஊறுன விதை இவருக்காகக் காத்துக்கிடக்காது.”

அப்போது மாடத்தி முன்னால் வந்தாள்.

“நான் தொட்டிக்குள்ள கைய விட்டேன்லா. ஊத்துத் தண்ணி அப்படி இருக்காது.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நாத்துப் பாவ விடமாட்டியளேன்னு வாயை மூடிக்கிட்டேன்.” மாடத்தி தண்ணீருக்குள் கிடந்த மூட்டைகளைப் பார்த்தாள். “இதுல என் விதையும் கிடக்கு. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து திறப்போம்.”

*

விடிந்ததும் பதினாலு பேர் ஏறினார்கள். வழியில் யாரும் வெயிலுமுத்துவோடு பேசவில்லை.

பாறைக்கு வந்து பார்த்தபோது, காலியான கல்தொட்டியின் உள்ளே நாச்சியம்மா உட்கார்ந்திருந்தார்.

தொட்டி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அவருடைய முந்தானை மட்டும் ஈரம். மேலே இருந்த குழியையும் துணியால் ஒற்றி எடுத்திருந்தார்.

“அம்மா, இருந்த தண்ணியை என்ன செஞ்சிய?” என்று குற்றாலிங்கம் பதறினார்.

“இறைச்சிட்டேன்.”

“நிறைஞ்சு கிடந்த தொட்டியை!”

நாச்சியம்மா வெளியே வந்தார்.

“ஊத்துன்னா மறுபடி நிறையும். உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள்.

வெடிப்பின் கீழ் உதட்டில் ஈரம் மினுங்கியது. அதில் ஒரு சொட்டு திரளத் தொடங்கியது. கடுகளவு. பிறகு மிளகளவு. அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருவர் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். நூறு தாண்டியது. இருநூறு. ஒரு பறவை வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

நானூறு எண்ணும்போது சொட்டு விழுந்தது.

எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

காய்ந்த கல் அதைக் குடித்துவிட்டது. சற்று நேரத்தில் விழுந்த அடையாளம்கூட இல்லை.

“இன்னொண்ணு பாத்திருவோம்” என்றார் குற்றாலிங்கம். 

இன்னொன்றையும் பார்த்தார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் குற்றாலிங்கம் கேட்டார்: “மழை பெஞ்சா இது சரியாயிருமா, அம்மா?”

“தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதா?”

நாச்சியம்மா முகட்டைக் காட்டினார். தீப் பட்ட இடம் இன்னும் கருப்பாகத்தான் இருந்தது.

“முன்ன அந்தப் புல்லு தண்ணியைப் பிடிச்சு வச்சுக் கொஞ்சங்கொஞ்சமா விடும். பனி வந்து அதை நனைச்சுக்கிட்டே இருக்கும். இப்ப சூடு மேல ஏறி வருது. பனி வாரதில்ல. மாசம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாள்ல கொட்டிட்டு ஓடிருது. மலை அதைக் குடிக்கதுக்குள்ள தண்ணி உங்க ஊரைத் தாண்டிருது.”

எல்லோரும் முகட்டைப் பார்த்தார்கள்.

“இன்னொண்ணும் இருக்கு” என்றார் நாச்சியம்மா. “போன வருஷமே ஊத்து இளைச்சதை நான் பாத்தேன். இறங்கி வந்து சொல்லியிருக்கணும். சொல்லல.”

“ஏன்?” என்றாள் மாடத்தி.

“இந்த வருஷம் சரியாயிரும்னு நினைச்சேன். அண்ணாச்சி குடத்துல சுமந்தார். நான் நினைப்புல சுமந்தேன்.”

வெயிலுமுத்து நிமிர்ந்து பார்த்தார். நாலு வருஷத்தில் அவர் நாச்சியம்மாவின் கண்ணில் தண்ணீரைப் பார்த்தது அன்றுதான்.

*

மதகைத் திறக்கவில்லை.

ஊறிய நெல்லைக் குளத்திலிருந்து தூக்கினார்கள். இனி அதை வைத்திருக்க முடியாது. பெண்கள் ஓட்டில் போட்டு வறுத்தார்கள். உரலில் இடித்தார்கள். ஆலடிப்பண்ணையில் அந்த வாரம் எல்லா வீட்டிலும் அவல். விதைநெல்லைத் தின்கிறோமே என்று சில வீடுகளில் அழுதுகொண்டே தின்றார்கள்.

ஒரு பொட்டலம் அவல் மலைக்கும் வந்தது. மாடத்தி கொடுத்து அனுப்பியிருந்தாள்.

வெயிலுமுத்துவால் அதைச் சாப்பிட முடியவில்லை.

“நான் போயிருதேன், அம்மா. இந்த இடத்துல இருக்க எனக்கு யோக்கியதை இல்ல.”

“எங்க போவிய?”

“தெரியல.”

“அப்ப தெரியுத வரைக்கும் ஒரு வேலை செய்யுங்க. காலையில ஒரு மணி நேரம் ஊத்துக்கிட்ட உக்காந்து சொட்டை எண்ணுங்க. எண்ணினதைக் கீழ போய்க் குளத்தங்கரைச் சுவத்துல எழுதிட்டு வாங்க.”

“என் எழுத்தை யாரு நம்புவா?”

நாச்சியம்மா அவலில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வெயிலுமுத்து கரித்துண்டால் எழுதினார்: ஒன்பது சொட்டு.

அதற்கு அடுத்த நாள் போனபோது அதன் மேல் சாணி அப்பியிருந்தது. கழுவிவிட்டு எழுதினார்: ஒன்பது.

பிறகு எட்டு. பிறகு ஏழு. மறுபடி சாணி. மறுபடி கழுவினார். ஒரு நாள் ஒருவர் அவர் காதுபட, “பொய்க்காரன் எழுத்து அழகாத்தான் இருக்கு” என்றார். வெயிலுமுத்து எழுதி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

ஆடியில் ஒரு நாள் மத்தியானம் வானம் இடிந்து விழுந்த மாதிரி மழை கொட்டியது. சாயங்காலம் ஆறு சிவப்பாகப் பொங்கிக்கொண்டு போனது. ஊர் முழுக்கப் பாலத்தில் நின்று பார்த்தது. குளத்தில் ஒரு முழம் ஏறியது.

“வந்துட்டு! நாளைக்கு மதகைத் திறக்கலாம்” என்றார்கள்.

மறுநாள் காலையில் கரையில் கூட்டம் கூடியது. ஆற்றில் நேற்று வந்தது வடிந்து மணல் தெரிந்தது. வெயிலுமுத்து வந்தார். ஏறி இறங்கியதில் முழங்கால் வரைக்கும் சேறு.

எல்லோரும் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எழுதினார்: பதினொன்று.

“அவ்வளவு மழை பெஞ்சும் நாலு சொட்டுதான் கூடியிருக்கா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“ஆமாம்மா.”

“சரியா எண்ணினியளா?”

“ரெண்டு தடவை எண்ணினேன்.”

அவரால் அந்த முகங்களைப் பார்க்கவே முடியவில்லை. பத்து சேர்த்து எழுதியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.  கரித்துண்டைக் கீழே போட்டார்.

குற்றாலிங்கம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மதகுச் சாவியை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து சாணி அப்புவது நின்றது.

*

ஆவணியில் குளம் சுருங்கியது. ஒரு தெருவுக்கு அரை மணி நேரம் என்று தண்ணீர் விட்டார்கள். மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருடைய தெருவில் மட்டும் தண்ணீர் கூடுதலாக வருகிறது என்று சண்டை வந்தது. இரண்டு வாரத்தில் மூன்று பேர் சாவியை வாங்கி, மூன்று பேரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் குற்றாலிங்கமும் மாடத்தியும் மலையேறி வந்தார்கள். வெயிலுமுத்து அறைக்கு வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். குற்றாலிங்கம் அவர் முகத்தைப் பார்க்காமல் மோட்டார் ரூம் சாவியை நாச்சியம்மாவிடம் நீட்டினார்.

“அண்ணாச்சியைக் கீழ அனுப்பணும், அம்மா. நாலு ஊரும் உக்காந்து பேசிட்டோம். தண்ணி இனி அவர் கையாலதான் விடணும்.”

வெயிலுமுத்து கோடரியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“நானா? என்னைய எதுக்கு?”

நாச்சியம்மா சாவியைத் தொடவில்லை.

“ஊரைப் பொய் சொல்லி ஏமாத்துன ஆளு இவர்” என்றார். “நாலு ஊருல வேற ஆளே இல்லையா?”

“இருக்காவ அம்மா, நிறையப் பேரு. ஒரு தப்பும் செய்யாதவிய” என்றாள் மாடத்தி. “தப்புச் செஞ்சா தானா வந்து சொல்லுவாவளான்னு அவிய விஷயத்துல எங்களுக்குத் தெரியாது. இவர் விஷயத்துல தெரியும்.”